நான் பேசாமல் இருந்த பத்து நிமிஷம்

எனக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டேன், பேச்சை நிறுத்திவிடுவேன். கத்துகிறவனை நாலு பேர் சேர்ந்து அடக்கலாம், பேசாதவனை யார் என்ன செய்ய முடியும் என்பது என் நினைப்பு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் எத்தனை முறை இப்படி வாயை மூடிக்கொண்டேன் என்று யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மூடினால் குறைந்தது இரண்டு நாள். யார் முதலில் பேசுகிறார்களோ அவர் தோற்றார். நான் தோற்றதே இல்லை.

என் மனைவி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். நான் பேசாத நாட்களில் அவள் சுவரோடு பேசுவாள். "ஏ செவுரே, சோறு ஆறிகினு கீது, பசிக்கிறவங்கள வந்து துன்னச் சொல்லு" என்பாள். நானும் சுவர் கூப்பிட்டு வந்தவன்போல வந்து உட்கார்ந்து, தின்றுவிட்டு எழுந்து போவேன். எங்களுக்கே சில சமயம் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும், ஆனால் சிரித்தாலும் தோல்விதான். இந்த விளையாட்டில் போன வருஷம் என் உயிரே போகப் பார்த்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் நான் வெல்டர். சுற்றியிருக்கும் கம்பெனிகளுக்கு வேண்டிய பைப்லைன், டேங்க் எல்லாம் செய்து கொடுப்போம். முப்பது வருஷமாக இதே வேலை. எங்கள் தொழிலில் கண்ணுக்கு எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான், 'ஆர்க் அடிச்சிடுச்சு'. நாம் முகத்துக்கு ஷீல்டு பிடிப்பதற்குள் பக்கத்து ஆள் வெல்டிங் ராடைப் பற்றவைத்தால் அந்த வெளிச்சம் கண்ணில் அறையும். அப்போது ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தும், தண்ணீராகக் கொட்டும். இதற்கு வைத்தியம் எங்கள் பக்கத்து வெல்டர் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கி, மூடிய கண்மேல் வைத்துத் துணியால் கட்டிவிடுவார்கள். காலையில் சரியாகிவிடும். கிழங்கால் சரியாகிறதா, தானாகவே சரியாகிறதா என்று யாரும் கேட்டதில்லை.

மே மாதத்தில் ஒரு நாள், பதினோரு மணி டீ முடிந்து, ஒரு பைப்பின்மேல் சாக்பீஸால் அளவு குறித்துக்கொண்டிருந்தேன். இடது கண்ணில் மேலிருந்து ஒரு ஷட்டர் இறங்கியது. கடையை மூடும்போது இழுத்துவிடுவார்களே, அதேபோல. வலி இல்லை, உறுத்தல் இல்லை. வலது கண்ணை மூடிப் பார்த்தேன், ஒரே கறுப்பு. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், பைப்பும் சாக்பீஸ் கோடும் பளிச்சென்று தெரிந்தன. மாற்றி மாற்றி மூடிக்கொண்டு நிற்கிறேன், கிரைண்டிங் பிடிக்கும் என் கூட்டாளி பார்த்துவிட்டான். ஆந்திரா எல்லைப் பக்கம் ஆரம்பாக்கத்திலிருந்து வருகிறவன், எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவான்.

"இன்னா நைனா, ஒரு கண்ண மூடி மூடி யாருக்கு சிக்னல் குடுக்குற?"

"ஆர்க் அடிச்சிடுச்சுப்பா, லெஃப்ட் கண்ணு" என்றேன்.

ஐந்து நிமிஷம் இருக்கும், ஷட்டர் தானாக மேலே ஏறிவிட்டது. கண் பழையபடி ஆனது. அன்று காலையிலிருந்து நான் ஒரு ராடுகூடத் தொடவில்லை. பக்கத்திலும் யாரும் பற்றவைக்கவில்லை. பிறகு எப்படி ஆர்க் அடிக்கும்? முப்பது வருஷம் வெல்டராக இருப்பவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கண்ணில் கோளாறு என்று வாய் திறந்தால் அடுத்த மெடிக்கல் செக்கப்பில் 'அன்ஃபிட்' என்று எழுதி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அதனால் தெரிந்த பெயரையே அதற்கும் வைத்தேன். வீட்டில் அவளும் கிழங்கை நறுக்கி வைத்துக் கட்டினாள். நல்ல கண்ணுக்கும் சேர்த்துத்தான் கட்டினாள்.

இதற்குச் சில மாதம் முன்னால் எங்கள் ஷாப்பில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. என் கையில் பட்டையைச் சுற்றியும் ரத்தம் எடுத்தும் பார்த்துவிட்டு, பிரஷர் ஜாஸ்தி, கொழுப்பும் ஜாஸ்தி, சிகரெட்டை விடுங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்தேன். மாத்திரையை ஒரு மாதம் போட்டேன், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். சிகரெட்டை விடவில்லை. மாத்திரை போட்டதால்தான் உடம்பு நன்றாக இருந்தது என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை. என்னைத் திருத்த முடியாது என்று கண்டுகொண்ட என் மனைவி சமையலைத் திருத்த ஆரம்பித்தாள். பழவேற்காட்டிலிருந்து வரும் கருவாடு வீட்டுக்குள் வருவது நின்றது. ஊறுகாய் ஜாடி எங்கே போனதென்றே தெரியவில்லை. கண்ணில் ஷட்டர் இறங்கிச் சில வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை ராத்திரி கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினாள். வாயில் வைத்தால் உப்பே இல்லை, சுடுதண்ணி மாதிரி இருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அன்று மூடினேன் வாயை.

மறுநாள் ஞாயிறு. காலையில் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வலது கையால் டம்ளரை எடுத்தேன். பாதி தூரம் வந்தது, பிறகு அது என் கையே இல்லை. விரல்கள் பிரிந்தன, டம்ளர் நழுவி விழுந்து டீ தரையெல்லாம் ஓடியது. 'டம்ளர் நழுவிடுச்சு' என்று சொல்ல வாயைத் திறந்தேன். கோபத்தையெல்லாம் மறந்துதான் திறந்தேன். சொல் வரவில்லை. சொல்ல வேண்டியது மனசுக்குள் தெரிகிறது, அதன் பெயர் மட்டும் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 'அ... அ...' என்று ஏதோ காற்று வந்தது. அவள் பார்த்துவிடக் கூடாது என்று முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏன் திருப்பினேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அவள் துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தாள். "ஏ செவுரே, நேத்து உப்புக்காகத் தட்டத் தள்ளுனாங்க. இன்னிக்கு டம்ளர வீசுறாங்க. நாளைக்கு என்னியத் தூக்கி வீசுவாங்களான்னு கேளு" என்றாள். சுவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவள் துணியைப் பிழிந்துகொண்டு உள்ளே போனாள்.

பத்து நிமிஷம் போயிருக்கும். விரல்களை மடக்கிப் பார்த்தேன், மடங்கின. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "டம்ளர்." வந்தது. "டம்ளர், டம்ளர்." நன்றாகவே வந்தது. அப்பாடா என்று இருந்தது. வெளியே வந்து அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சண்டைக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. இப்போது வாய் திறந்தால் நான் தோற்றவன். அதனால் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து கோபத்தைத் தொடர்ந்தேன். திங்கட்கிழமை ராத்திரி நாங்கள் பேச ஆரம்பித்தபோது, நடந்ததைச் சொல்லும் அளவுக்குப் பெரிதாக எனக்குத் தோன்றவில்லை. வீராப்பு மனிதனை எவ்வளவு தூரம் முட்டாளாக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த வாரமே வியாழக்கிழமை மறுபடி ஷட்டர் இறங்கியது. இந்த முறை ராடு பாதி எரிந்துகொண்டிருந்தது. கையை எடுத்துவிட்டு ஷீல்டை இறக்கி வைத்தேன். கூட்டாளி கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தான்.

"மறுபடி ஆர்க்கா?"

"ஆமா. லெஃப்ட் கண்ணு."

"போன தடவயும் லெஃப்ட்டுதான்னு சொன்ன? அதெப்டி நைனா, ஒரே கண்ணுல அடிக்கும்? வெளிச்சம் இன்னா, டோக்கன் வாங்கினு ஒரு கண்ணுக்கு மட்டும் வருதா?"

அவனுக்கு வெல்டிங் தெரியாது. ராடு பிடிக்கச் சொன்னால் ஒட்டவைத்துவிட்டு நிற்பான். ஆனால் முப்பது வருஷ வெல்டர் கேட்காத கேள்வியை அவன்தான் கேட்டான். என் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னதும் அவன்தான். சாயந்திரம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் அவள் ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தாள். நேராகக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அரைமணி உட்காரவைத்து, வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். வலித்ததா, இரண்டு கண்ணிலுமா, எவ்வளவு நேரம் என்று கேட்டார். வலிக்கவில்லை, இடது மட்டும், ஐந்து நிமிஷம் என்றேன்.

"ஆர்க் அடிச்சா வலிக்குமே. ரெண்டு கண்ணும் வலிக்கும், அதுவும் சில மணி நேரம் கழிச்சு. இது ஆர்க் இல்லங்க" என்றார். "உங்க கண்ணுல கோளாறு இல்ல. கண்ணுக்கு ரத்தம் வர்ற வழியில இருக்கு. உள்ள ஒரு சின்ன ரத்தக்குழாய்ல மஞ்சளா ஒரு துணுக்கு மின்னுது. அது கழுத்துலேர்ந்து உடைஞ்சு வந்திருக்கலாம். கை கால் மரத்துப் போச்சா? வாய் கோணிச்சா? பேச்சு குழறிச்சா? கொஞ்ச நேரம் வந்து சரியாயிருந்தாலும் சொல்லுங்க."

"இல்லீங்க" என்றேன். பிறகு என் மனைவியைப் பார்த்தேன். அவள் சும்மாதான் நின்றுகொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து என்னால் பொய்யைத் தொடர முடியவில்லை.

"ஒரு தடவ" என்றேன். "ஞாயித்துக்கெழம."

"இன்னிக்கு வியாழன். ஞாயித்துக்கெழம இன்னா?" என்றாள் அவள். ஒரு கணம் யோசித்தாள். "டம்ளர வீசுனியே, அன்னிக்கா?"

"வீசல. கை புடிக்கல."

"நான் அவ்ளோ பேசுனேன், நீ ஒரு வார்த்த..."

"பேச வரல."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. டாக்டரைப் பார்த்து, "இவருக்குப் பேச்சு நின்னு போச்சு டாக்டர், நான் அங்கயே குந்திகினு செவுருகிட்ட பேசிகினு இருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்தில் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். அது சின்ன பக்கவாதம் மாதிரி என்றார். வந்து பத்து நிமிஷத்தில் போய்விட்டதால் ஒன்றுமில்லை என்று நினைக்கக் கூடாதாம். பெரியது வருவதற்கு முன்னால் கதவைத் தட்டிவிட்டுப் போனதாம். பல பேருக்கு அப்படித் தட்டுவதுகூட இல்லை, உங்களுக்கு மூன்று தடவை தட்டியிருக்கிறது, நாளைக்கு என்று தள்ளாமல் இப்போதே போங்கள் என்று சீட்டு எழுதி, ஆம்புலன்ஸுக்கும் அவரே போன் செய்தார்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை பெரியாஸ்பத்திரி வரைக்கும் அவள் என் வலது கையை விடவில்லை. "பேசிகினே வா" என்றாள். என்னத்தைப் பேசுவது? இருபத்தாறு வருஷமாகப் பேசாமல் இருந்தே ஜெயித்தவனுக்குப் பேச விஷயம் கிடைக்கவில்லை. கண்ணாடி வழியாகத் தெரிந்த போர்டுகளையெல்லாம் சத்தமாகப் படித்தேன். கவரைப்பேட்டை. சிமெண்ட், கம்பி மொத்த விற்பனை. பிரியாணி ரெடி. காரனோடை. டோல் பிளாசா. முன்னால் போன லாரியின் பின்பக்கம் எழுதியிருந்ததைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் "ம்" கொட்டினாள். செங்குன்றம் தாண்டும்போது தொண்டை வறண்டுவிட்டது. கொஞ்சம் நிறுத்தினால் என் விரலை நெரித்தாள். மறுபடி படித்தேன்.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் பெரிதாகச் சேதம் இல்லை என்றார்கள். பிறகு கழுத்தில் சில்லென்று ஒரு பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து நகர்த்தினார்கள். டாப்ளர் ஸ்கேனாம். திரையில் என் கழுத்து ரத்தக்குழாய் தெரிந்தது, ரத்தம் போகிற சத்தமும் கேட்டது. மூளைக்குப் போகும் குழாய் அது, கழுத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கிறதாம். இடது பக்கம் முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது.

ஆபரேஷன் செய்யும் டாக்டர் வந்தார். என்னைவிட நாலைந்து வயசுதான் குறைவாக இருப்பார். "பெரியவரே" என்று ஆரம்பித்தார். எனக்கு ஐம்பத்திரண்டு வயசுதான் ஆகிறது. மூக்குக்கு மேல் வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன், "எங்க பைப்புல துரு அடைச்சா ஆசிட் வுட்டுக் கழுவுவோம் சார். அதுமாதிரி மருந்து எதுனா குடுத்துக் கழுவிட முடியாதா?"

அவர் சிரித்தார். "வெல்டரா? அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும். அடைப்பு இருக்குறது மட்டும் பிரச்சினை இல்ல. அதுலேர்ந்து ஒரு துணுக்கு உடைஞ்சு போகுது பாருங்க, அதுதான் ஆபத்து."

அது போதும் எனக்கு. ஒரு பைப்லைனை ஒட்டி முடித்ததும் நாங்கள் அப்படியே கொடுத்துவிட மாட்டோம். உள்ளே கசடு ஒட்டியிருக்கும். சுத்தியலால் வெளியிலிருந்து தட்டித் தட்டி, காற்றடித்து அதை வெளியே தள்ளிவிட்டுத்தான் கொடுப்போம். ஒரே ஒரு துணுக்கு போய் வால்வில் உட்கார்ந்தால் அத்தனை பெரிய பிளாண்டும் நின்றுபோகும். இதைச் சொல்லி எத்தனை பேரை நான் விரட்டியிருப்பேன்! என் கழுத்துக்குள் அதே கசடு இருந்திருக்கிறது. ஒரு துணுக்கு கண்ணுக்குப் போனது, ஷட்டர் இறங்கியது. ஒரு துணுக்கு மூளைக்குப் போனது, டம்ளர் விழுந்தது. கரைந்து வழிவிட்டது என் அதிர்ஷ்டம். கரையாமல் நின்றிருந்தால் அதுதான் பக்கவாதம். மூளையின் இடது பக்கம்தான் வலது கையையும், பெரும்பாலானவர்களுக்குப் பேச்சையும் பார்த்துக்கொள்கிறது என்பதையும் அவர் சொன்னார்.

கசடு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அவரே விரல்விட்டுச் சொன்னார்: சிகரெட், பிரஷர், கொழுப்பு, பாதியில் விட்ட மாத்திரை. என் மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பற்றிக் குறை சொன்னால் அம்மாக்கள் ஆட்டுவார்களே, அப்படி.

அடைப்பை வெட்டி எடுத்துவிடலாம் என்றார். மறைக்காமல் இன்னொன்றும் சொன்னார். ஆபரேஷன் நடக்கும்போதே பக்கவாதம் வர வாய்ப்பு இருக்கிறது, கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. செய்யாமல் விட்டால் வருவதற்கு வாய்ப்பு அதைவிட அதிகம். யோசித்துச் சொல்லுங்கள் என்று போனார்.

நான் என் வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கைதான் எனக்கு எல்லாம். இரண்டு கட்டில் தள்ளி ஒருவர் படுத்திருந்தார், என் வயசுதான் இருக்கும். அவருடைய வலது கை போர்வைமேல் கிடந்தது. அவர் மனைவி அதை எடுத்து எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டு, திரும்ப வைத்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. கண்ணிலிருந்து நீர் மட்டும் வழிந்தது. அவர் கோபக்காரரா, சாதுவா, எனக்குத் தெரியாது. ஆனால் அவருடையது இரண்டு நாள் மௌனம் இல்லை. நான் எழுந்துபோய் நர்ஸிடம், "ஆப்பரேசன் பண்ணிக்கிறேம்மா" என்றேன்.

மயக்கம் கொடுப்பார்கள், எழுந்தால் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். அவர்களோ கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். நான் விழித்திருக்க வேண்டுமாம். என் வலது கையில் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்தைக் கொடுத்தார்கள். குழந்தைகள் குளிக்கும்போது அமுக்கி விளையாடுமே, அதேதான். அமுக்கினால் கீச்சென்று கத்தியது. முப்பது வருஷம் வெல்டிங் ஹோல்டர் பிடித்த கை!

மயக்க மருந்து கொடுக்கும் பெண் டாக்டர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். "ரத்தக்குழாய்ல கிளாம்ப் போட்டு இறுக்கிப் புடிப்போம். அப்போ மூளைக்கு ரத்தம் சரியாப் போகுதான்னு தெரியணும். நான் சொல்லும்போதெல்லாம் வாத்தை அமுக்கணும். பேசிக்கிட்டும் இருக்கணும். கை அமுக்கலன்னாலோ பேச்சு வரலன்னாலோ நாங்க வேற வழி பண்ணிக்குவோம். பயப்படாதீங்க" என்றார்.

முதலில் உப்பில்லாத கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றிப் புகார் சொன்னேன். யாரோ முகமூடிக்குள் சிரித்தார்கள். பிறகு "கிளாம்ப் போட்டாச்சு" என்ற குரல் கேட்டது. எங்கள் ஷாப்பில் தினமும் கேட்கும் வார்த்தை. குழம்பு, கத்தரிக்காய் எல்லாம் மறந்துவிட்டது. ஒரே ஒரு சொல்தான் வேண்டும்போல இருந்தது.

"டம்ளர்" என்றேன். கீச்.

"டம்ளர்." கீச். "டம்ளர்." கீச்.

"தண்ணி இப்ப குடுக்க முடியாதுங்க, கொஞ்சம் பொறுங்க" என்றார் நர்ஸ். எனக்குத் தண்ணீர் வேண்டாம். அந்தச் சொல் என்னிடம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. கையில் வாத்து கத்திக்கொண்டே இருந்தது. அழுகை வந்தது. அந்தச் சத்தம் மாதிரி ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

எடுத்ததை ஒரு சின்ன டப்பியில் போட்டு என் மனைவியிடம் காட்டினார்களாம். மஞ்சளாக, அழுக்கு மெழுகு மாதிரி, ஒரு விரல்கணு நீளம்கூட இல்லையாம். "இத்தினூண்டு" என்று இன்றும் விரலைக் காட்டிச் சொல்கிறாள். குரல் கொஞ்ச நாள் கரகரவென்று இருந்தது. தாடையோரம் இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. ஷேவ் செய்யும்போது பார்த்துச் செய்கிறேன். சிகரெட் போயே போய்விட்டது. மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. அதை அவள் காலண்டரில் கோடு போட்டுக் கொடுக்கிறாள். சில மாதத்தில் வேலைக்கும் திரும்பிவிட்டேன். உயரத்தில் ஏறுவதில்லை, கீழேயே டேபிள் வேலை. முதல் நாள் போட்ட ஜாயிண்ட் கோடு போட்டதுபோல நேராக வந்தது. கூட்டாளி குனிந்து பார்த்துவிட்டு, "கிரைண்டிங்கே வோணாம் நைனா" என்றான். இப்போது எங்கள் ஷாப்பில் யாராவது ஆர்க் அடித்துவிட்டது என்றால் அவன்தான் முதலில் கேட்கிறான், "ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?"

வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார்கள். சந்தேகம் வந்தால் சிரிக்கச் சொல்ல வேண்டும், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பார்க்க. இரண்டு கையையும் தூக்கச் சொல்ல வேண்டும், ஒன்று இறங்குகிறதா என்று பார்க்க. முழுசாக ஒரு வாக்கியம் சொல்லச் சொல்ல வேண்டும். ஒன்று தப்பினாலும் மணியைப் பார்த்து வைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும், சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. வாக்கியம் எதுவாக இருந்தாலும் சரி என்றார்கள். அங்கேதான் அவளுக்கு வசதியாகப் போயிற்று. அவள் எனக்காகத் தேர்ந்தெடுத்த வாக்கியம்: 'என் பொண்டாட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும்.'

தினமும் காலையில் நாஷ்டாவுக்கு முன்னால், போலீஸிடம் பிடிபட்டவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கி, பல்லைக் காட்டி, இதைச் சொல்லவேண்டும். முதல் மாதம் எரிச்சலாக வந்தது. பேஜாராகிவிட்டது, வேறு வாக்கியம் கொடு என்று கேட்டேன். தரவில்லை.

போன வாரம் மறுபடி கத்தரிக்காய்க் குழம்பு. ஒரு வாய் வைத்தேன். கோபம் வந்தது. பழைய பழக்கம் விடுமா, தட்டைத் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவள் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னாய்யா?" என்றாள். நான் பேசவில்லை. "யோவ், இன்னா?" சுவரைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். ஆம்புலன்ஸுக்கு 108 அமுக்க ஆரம்பித்தாள்.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. என் மௌனம் இனிமேல் எனக்குச் சொந்தமில்லை. நான் கோபத்தில் மூடினாலும் அவளுக்கு அது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

எழுந்து நின்றேன். எச்சில் கையோடு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். "என் பொண்டாட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தபா சொல்லு" என்றாள்.

இன்னொரு தடவை சொன்னேன். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, குழம்பில் உப்பு பத்தவில்லை என்பதையும் சொன்னேன். வாயைத் திறந்து, அவளிடமே சொன்னேன்.